சேதி கேட்காத ஊர்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்த மின்விசிறியைக் குறைத்து வையுங்கள், அதோடு போட்டி போட்டுப் பேச எனக்குத் தொண்டை இல்லை. ஒரு கதை வைத்திருக்கிறேன். சிரிப்பில்தான் ஆரம்பிக்கும், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். முடிகிறவரை யாரும் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

ஷார்ஜா முவைலாவில், மளிகைக் கடைகளுக்கும் தொழிலாளர் கட்டடங்களுக்கும் நடுவே ஒரு புல்தரை உண்டு. மாசி மாதத்துச் சாயங்காலங்களில் அங்கே வெயில் உறைக்காது. ஏசி போடாமல் தூங்க அந்த ஊருக்கு வாய்ப்பதே அந்தச் சில வாரங்கள்தான். நகராட்சிக்காரர்கள் சாலை நடுவில் நட்டு வைத்த பூச்செடிகள் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். அந்தப் புல்தரையில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கூட்டம் கூடும். செங்குளத்துப்பட்டி அமீரக மன்றம் என்று அதற்குப் பெயர். சிவகங்கைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் செங்குளத்துப்பட்டி. அந்த ஊர் ஆண்பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர் அங்கே சுற்றுவட்டாரத்தில் வேலையில் இருந்தார்கள். மன்றத்தின் செயலாளர் உடையப்பன்.

உடையப்பனுக்கு நாற்பத்தாறு வயது. ஏசி குழாய் மாட்டுகிற கம்பெனியில் ஃபோர்மேன். அதே கம்பெனியில், அதே ரூமில், கீழ்க்கட்டிலில் அவன் தங்கை நாகவள்ளியின் புருஷன் முனியசாமி. தங்கை புருஷனை இவன்தான் விசா எடுத்துக் கூட்டி வந்தான். வந்து ஆறு வருஷம் ஆயிற்று. இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்தும் முனியசாமிக்கு ஒரு பங்குனிப் பொங்கல்கூட வாய்க்கவில்லை.

அந்தப் பொங்கலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் கதை நகராது. பங்குனிச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். செவ்வாயைத் தவிர வேறு நாளில் கட்டுகிற வழக்கம் இல்லை. எட்டாம் நாள் பொங்கல், மாவிளக்கு. அடுத்த நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காப்பை அவிழ்ப்பார்கள். கட்டியதிலிருந்து அவிழ்க்கிற வரைக்கும் ஊருக்குள் சாவுச் சத்தம் கேட்கக்கூடாது. பறை கூடாது, ஒப்பாரி கூடாது. வெளியிலிருந்து ஒரு பிணம் எல்லை தாண்டி உள்ளே வரக்கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காப்புக்கு முந்தின நாள் ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோக, தேதியை ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள். லீவு போட்டுப் போயிருந்த பதினைந்து பேர் பொங்கலைப் பார்க்காமலே விமானம் ஏறினார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. இந்த வருஷமோ ரம்ஜான் பெருநாளும் பங்குனியும் ஒட்டி வந்தன. பெருநாள் விடுமுறையோடு நாலு நாள் சேர்த்தால் பத்து நாள் ஆகிறது. உடையப்பன் கணக்குப் போட்டுவிட்டு, நடுவில் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு ஊர் அம்பலத்தைக் கூப்பிட்டான். அம்பலம் என்றால் அந்தப் பக்கத்தில் ஊர்த் தலைவர்.

"அம்பலம், காப்ப பெருநாளுக்கு முந்துன செவ்வாக்கெழம வச்சுக்கிருவோம். அடுத்த செவ்வா பொங்கலு. நாப்பத்திரெண்டு பேரும் வந்து நிப்போம்."

முனியசாமி மல்லாந்து படுத்தபடி கடலை தின்றுகொண்டிருந்தான். "ஏன் மச்சான், ஆத்தாளுக்கும் கம்பெனி லீவு ஃபாரம் குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டியா?" என்றான். புல்தரையே சிரித்தது.

"நீ மூடுறா மாப்ள. ஒனக்குந்தான் பேசுறேன்."

"எனக்காகவா? அப்ப ரெண்டு செவ்வாயாக் கேளு. ஒண்ணு கொண்டாட, ஒண்ணு தூங்க."

போனுக்குள்ளிருந்து அம்பலம் கனைத்தார். "தேதி வைக்கலாம்ப்பா. ஆனா கடைசி நேரத்துல நல்லது கெட்டது ஏதாச்சும் வந்தா தள்ளித்தான் வைக்கணும். அது ஊர் வழக்கம்."

"தள்ளக்கூடாது அம்பலம். அதையும் சேத்துத்தான் கேக்குறோம். டிக்கெட் போட்டுட்டா எங்களுக்கு மாத்த முடியாது. எது நடந்தாலும் தேதி மாறக்கூடாது."

"எது நடந்தாலுமா? யோசிச்சுச் சொல்லு உடையப்பா."

உடையப்பன் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். விஜயபாஸ்கர் என்கிற இளவட்டம், பிறந்த மகனை இன்னும் கையில் தூக்காதவன், இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

"எது நடந்தாலும்," என்றான் உடையப்பன்.

அம்பலம் அதை ஊர் நோட்டில் எழுதி, படித்தும் காட்டினார். செயலாளர் உடையப்பன் சொன்னபடி என்று அதில் இருந்தது. அன்றைக்கு அவனுக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

முனியசாமி மறுநாளே அட்டைப்பெட்டி வாங்கிவிட்டான். மகள் உமாராணிக்கு ஏழு வயது. அவளுக்கென்று கலர் கலராக விளக்கு எரிகிற கைக்கடிகாரம் ஒன்று வாங்கி, தினம் சாயங்காலம் பெட்டியிலிருந்து எடுத்து, தன் கையிலேயே கட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பான். வீட்டுக் கதவுக்கு நீலப் பெயின்ட் அடிக்க நாகவள்ளியிடம் சொன்னான். நீலத்திலேயே மூன்று நீலம் வீடியோவில் காட்டச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுத்தான்.

காப்புக்கு ஐந்து நாள் இருக்கையில், வியாழக்கிழமை காலையில், கம்பெனி பஸ்ஸுக்கு வரிசையில் நின்றார்கள். முனியசாமி, "மச்சான், இந்தச் சாப்பாட்டு வாளியக் கொஞ்சம் புடி," என்றான். உடையப்பன் பிடித்துக்கொண்டான். முனியசாமி நடைபாதை ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை, தாயே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் நெஞ்சு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நாற்பத்தொரு வயது. வாளி மத்தியானம் வரைக்கும் உடையப்பன் கையிலேயே இருந்தது.

முவைலாவில் சாதிக் பாட்ஷா என்று கீழக்கரைக்காரர் ஒருவர் செல்போன் கடை வைத்திருந்தார். யார் ஊர்ப் பிள்ளை இறந்தாலும் காகித வேலையெல்லாம் முடித்து உடலை ஊருக்கு அனுப்பி வைப்பது அவர் தானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. நோன்பு வாயோடு ஓடி வந்தார்.

"தம்பி, நான் நோம்பு வச்சிக்கிட்டுப் பொய் சொல்லமாட்டேன். இன்னைக்கு மத்தியானத்தோட ஆபீஸ் எல்லாம் மூடிருவான். வெள்ளி, சனி, ஞாயிறு ஒண்ணும் நடக்காது. திங்கக்கெழம கதவு தொறந்ததும் நான் முன்னால நிக்கிறேன். போலீஸ் கடுதாசி, இறப்புச் சான்று, விசா கேன்சல், எம்பசி முத்திரை. எல்லாம் ஒரே நாள்ல விழுந்தா ராத்திரி விமானத்துல ஏத்திரலாம். செவ்வா மத்தியானம் ஊர் போயிரும்."

"சாயங்காலம் காப்புக் கட்டுறாங்க பாய்."

"அதுக்குள்ள போயிரும். இன்ஷா அல்லாஹ்."

அந்த ஒரு மத்தியானம்தான், கண்ணுகளா, உடையப்பனுக்கு மிச்சமிருந்த உலகம். செவ்வாய் சாயங்காலத்துக்குள் முனியசாமி போய்ச் சேர்ந்துவிட்டால் தங்கை புருஷன் முகத்தைப் பார்ப்பாள், மகள் பார்ப்பாள், அவன் அப்பனை எரித்த இடத்திலேயே அவனையும் எரிப்பார்கள். இல்லையென்றால் ஒன்பது நாள்.

அம்பலத்துக்கு மட்டும் சொன்னான். சவப்பெட்டி கிளம்பின பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அவர். வெளிநாட்டில் யாராவது இறந்தால் அப்படித்தான் வழக்கம். மன்றத்து ஆட்களும் வாயைத் திறக்கவில்லை. நாகவள்ளி தினம் கேட்டாள். "அவரு போன் எடுக்கலையேண்ணே?"

"ஆலைக்குள்ள ஷட்டவுன் வேலை தாயி. போனை உள்ள விடமாட்டான்."

"கதவு பெயின்ட் காஞ்சுருச்சு. போட்டோ அனுப்பிருக்கேன், பாக்கச் சொல்லு."

திங்கட்கிழமை சாதிக் பாட்ஷா சொன்னபடி கதவு திறக்கும்போதே நின்றார். பத்தரைக்குள் இரண்டு காகிதம் விழுந்தது. விசா கேன்சலுக்குக் கம்பெனியின் கையெழுத்து வேண்டும். கம்பெனிக்கு அரசாங்கக் காகித வேலை பார்த்துக் கையெழுத்து போடுகிற பி.ஆர்.ஓ. முந்தின நாள்தான் பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாள் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ருவைஸில் வேறு வேலையாக இருந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றார். நோன்பு மாதம், அலுவலகங்கள் சீக்கிரமே மூடிவிடும். உடையப்பன் போனில் கெஞ்சினான், கத்தினான், தெரிந்த இந்தி எல்லாவற்றையும் கொட்டினான். "கல் ஆயேகா பாய், கல்," நாளைக்குத்தான் வரும் என்று அந்த மனுஷன் பொறுமையாகவே இந்தியில் சொன்னார். யாரைத் திட்டுவது? பெருநாள் விடுமுறையைப் பார்த்துத் தேதி வைக்கச் சொன்னவனே இவன்தானே. விடுமுறை இவனுக்கு மட்டுமா வரும்?

அங்கிருந்தே அம்பலத்தைக் கூப்பிட்டான். "ஒரே ஒரு நாள் தள்ளுங்க அம்பலம். கால்ல விழுறேன்."

"செவ்வாய விட்டா அடுத்த செவ்வாதாம்ப்பா. ஒன் தங்கச்சி எனக்கு வேத்தாளா? நோட்டுல என்ன எழுதிருக்குன்னு ஒனக்குத் தெரியும். நாப்பத்திரெண்டு பேருக்காக எழுதுனது. அவுங்க சரின்னு சொல்லட்டும், நான் இந்த நிமிசமே தள்ளி வைக்கிறேன்."

நாற்பத்தொரு பேராகி இருந்தார்கள். அதை அம்பலமும் சொல்லவில்லை, இவனும் சொல்லவில்லை.

நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கையில் புல்தரையில் கூடினார்கள். உடையப்பன் எழுந்து நின்றான். எத்தனையோ வெள்ளிக்கிழமை பேசின இடம். 

"ஒரு வாரம் தள்ளி வச்சா எல்லாருக்கும் பொங்கல் போயிரும். தெரியும். டிக்கெட்டையும் மாத்த முடியாது. ஆனா நம்ம முனியசாமிய..." என்று நிறுத்திவிட்டான்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் புல்லைப் பிடுங்கினார்கள். லீவை ஒரு வாரம் நகர்த்த யாராலும் முடியாது. ஒருவனுக்கு அம்மா ஆபரேஷனுக்கு இவன் வருவதற்காகக் காத்துக் கிடக்கிறாள். ஒருவனுக்கு வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு நிச்சயம். ஒருவனுக்கு நாலு வருஷத்தில் கிடைத்த முதல் லீவு. கெட்டவன் என்று ஒருத்தன் அந்தப் புல்தரையில் இல்லை, கண்ணுகளா. இருந்திருந்தால் உடையப்பனுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"ஏதாச்சும் சொல்லுங்கய்யா," என்றான்.

"என்னத்தண்ணே சொல்றது?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. "நீதானே எது நடந்தாலும்னு சொன்னே. நாங்களுந்தான் தலையாட்டுனோம்."

"சரி, தள்ளலாம்ங்கிறவுங்க கையத் தூக்குங்க."

மூன்று கைகள் எழுந்தன. விஜயபாஸ்கரின் கை பாதி வரைக்கும் வந்தது. அப்புறம் கழுத்தைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். சாதிக் பாட்ஷாவின் மனைவி உம்மு சல்மா பெரிய தூக்கில் நோன்புக் கஞ்சி கொடுத்து அனுப்பியிருந்தாள். எல்லோருக்கும் ஊற்றினார்கள், குடித்தார்கள். பசிக்கத்தானே செய்யும்.

அம்பலம் கடைசியாக ஒரு வழி சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி. "சேதி கேட்டாத்தாம்ப்பா தீட்டு. சேதி ஊருக்கு வரலைன்னு வச்சுக்கிருவோம். பொட்டி அங்கேயே இருக்கட்டும். மஞ்சத்தண்ணி முடிஞ்ச மறுநிமிசம் நானே போயி வீட்ல சொல்றேன். அதுவரைக்கும் நாகவள்ளி வீட்லருந்து எப்பவும் போல மாவெளக்கு வரணும். வரலைன்னா ஊரு ஏன்னு கேக்கும். கேட்டா சொல்லணும். சொன்னா எல்லாம் கெட்டுப் போகும்."

"அவளுக்காச்சும் சொல்லணுமே அம்பலம். ஒன்பது நாள் எப்படிப் பொய் சொல்லுவேன்?"

"சொல்லிக்க. சத்தம் வராமச் சொல்லு."

உடலை விமானத்தில் அனுப்பி மதுரையில் ஆஸ்பத்திரியில் வைக்கலாமே என்று சாதிக் பாட்ஷா கேட்டுப் பார்த்தார். அங்கே வைத்தால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். அதுவும் இல்லை என்றாயிற்று.

அன்று ராத்திரியே தங்கையைக் கூப்பிட்டான். அண்ணன் ஒருவன், தங்கையிடம் அவள் புருஷன் செத்ததைச் சொல்லி, அதே மூச்சில் அழாதே என்றும் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையை முன்னால் வைப்பது?

"தாயி, பக்கத்துல யாரு இருக்கா?"

"மாமியா படுத்திருக்கு. புள்ள கோலம் பழகுது. ஏண்ணே?"

"அடுப்படிக்குப் போ. போயி நான் சொல்றதக் கேளு. சத்தம் மட்டும் போட்டுறாத தாயி. ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன், சத்தம் போட்டுறாத."

சொன்னான். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. அதில் ஏதும் போட்டு அரைக்கிற சத்தம் இல்லை. வெறும் ஜாடி ஓடியது. வெகுநேரம் ஓடியது. அதற்கு அடியில் அவள் என்ன செய்தாளோ, அவனுக்குத் தெரியாது. மிக்ஸி நின்றது.

"சொல்லுண்ணே," என்றாள்.

"அவ்வளவுதான் தாயி."

"புள்ளைக்குச் சொல்லவேணாமா?"

"வேணாம்."

"சரிண்ணே. நாளைக்குக் காப்பு. வீடு கழுவணும்." வைத்துவிட்டாள்.

வியாழனும் வெள்ளியும் மன்றத்து ஆட்கள் ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். உள்ளே வருகிறவர்களுக்குத் தடை இல்லை, சேதிதான் வரக்கூடாது. அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு போனார்கள். உடையப்பன் தன் டிக்கெட்டைக் கிழித்துவிட்டான். விஜயபாஸ்கர் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான்.

"அண்ணே, நான் போகட்டுமா?"

"போடா. ஒம் மகன் மூஞ்சியப் பாரு."

"முனியசாமி அண்ணன் பெட்டி... எடுத்துட்டுப் போகவா? அம்பலம் கேட்டாரு. அண்ணனுக்கு லீவு கெடைக்கல, சாமான் மட்டும் குடுத்துவிட்டாருன்னா சந்தேகம் வராதுன்னாரு."

உடையப்பன் பெட்டியைப் பார்த்தான். முனியசாமி தன் கையால் கயிறு கட்டி, கறுப்பு மையில் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். தூக்கிக் கொடுத்தான்.

அந்தப் பெருநாள் காலையில் முவைலாத் தெருவெல்லாம் புதுத்துணி. உம்மு சல்மா பிரியாணி அனுப்பினாள். சாதிக் பாட்ஷா அத்தர் மணக்க வந்து, காலிக் கட்டிலுக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். உடையப்பன் தினமும் பிணவறை வாசலுக்குப் போனான். உள்ளே விடமாட்டார்கள். வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் நின்றுவிட்டு வருவான். எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. தனியாகக் கிடக்கிறானே என்று.

எட்டாம் நாள் பொங்கலை யாரோ ஊரிலிருந்து போனில் நேரலையாகக் காட்டினார்கள். அந்த வாசலிலேயே நின்றுகொண்டு பார்த்தான். மைக்கில் குலவைச் சத்தம். அம்பலம் துண்டை இடுப்பில் கட்டி நிற்கிறார். விஜயபாஸ்கர் மகனைத் தோளில் வைத்திருக்கிறான். "இந்த வருசம் அமீரக மன்றத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்திருக்கிறார்கள், ஆத்தா அருள்," என்று யாரோ மைக்கில் சொன்னார்கள். மாவிளக்கு வரிசை வந்தது. வரிசையில் நாகவள்ளி. மஞ்சள் சேலை. நெற்றியில் குங்குமம், தலை நிறையப் பூ. தாலியை வெளியே எடுத்து விட்டிருந்தாள். தாம்பாளத்தில் விளக்கு எரிந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. அவள் சேலையைப் பிடித்தபடி உமாராணி. கேமராவைப் பார்த்ததும் பிள்ளை இடது கையை உயர்த்தி ஆட்டினாள். கடிகாரம் சிவப்பும் பச்சையுமாக மின்னியது. அப்பா பார்ப்பார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

உடையப்பன் போனை அணைக்கவும் இல்லை, அதற்கு மேல் பார்க்கவும் இல்லை. வெயில் அதற்குள் உறைக்கத் தொடங்கிவிட்டது. அந்த ஊரில் நல்ல நாட்கள் அப்படித்தான், சொல்லாமல் முடிந்துவிடும். பூச்செடிகளை நகராட்சி ஆட்கள் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் காப்பு அவிழ்த்தார்கள். சாதிக் பாட்ஷா கடைசி முத்திரையோடு வந்து சேர்ந்த நேரத்தில்தான் நாகவள்ளி கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் குரலெடுத்து அழுவது கேட்டது. பறைச் சத்தமும் கேட்டது. ஒரு சின்னக் குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே, "அப்பா, அப்பா," என்று கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே."

"அழு தாயி. இனிமே அழலாம். வாய்விட்டு அழுதுரு."

"அம்பலம் வந்து சேதி சொல்லிட்டாரு. ஊரே வந்து உக்காந்திருக்கு. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க." மூச்சு வாங்கினாள். "எனக்கு வரலண்ணே. அன்னைக்கே எங்கயோ போயிருச்சு. கண்ணு காஞ்சு கெடக்கு. கல்லு மாதிரி உக்காந்திருக்காளேன்னு பேசுறாங்கண்ணே."

"தாயி..."

"அவரு வர்றதுக்குள்ள வந்துருமாண்ணே?"

"வந்துரும்," என்றான். இந்த இரண்டு வாரத்தில் அவன் அவளிடம் சொன்ன எத்தனையாவது பொய்யோ அது. சவப்பெட்டி மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்தது. கூடவே போன உடையப்பன் தங்கையின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டே நின்றான். அழுகை வரவில்லை.

அவ்வளவுதான் கதை. எழுந்து போகாமல் இருந்தீர்களே, நல்லா இருங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு நல்ல சேதியே வரட்டும். வேறு சேதி வரத்தான் வேண்டுமென்றால், அது நாள் பார்த்து வெளியே நிற்காமல் நேரே உள்ளே வரட்டும். உங்கள் வீட்டுப் பெண் வாய்விட்டு அழ வேண்டிய நேரத்தில், சத்தம் போடாதே என்று சொல்ல அங்கே யாரும் இல்லாமல் போகட்டும். போனவர் எல்லோரும் தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து இறங்கட்டும். உங்கள் குடும்பம் நல்லா இருக்கட்டும், கண்ணுகளா.